ஆறு கோழி, ஆறு முட்டை

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, பக்கத்து வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து ஆறு முட்டை சாப்பிட்டேன்.

பசியில் அல்ல. பந்தயம் கட்டியும் அல்ல. டாக்டர் சொன்னாரா என்று கேட்காதீர்கள் — என் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் பார்த்த நாளிலிருந்து அவர் முட்டை என்ற சொல்லையே என் எதிரில் உச்சரிப்பதில்லை.

செத்துவிடுவேனோ என்ற பயத்தோடுதான் சாப்பிட்டேன். வாய்க்கு ஒரு சாமி பெயர். நாலாவது முட்டைக்கு மேல் சாமி பெயர் தீர்ந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஏன் என்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வருகிறேன்.

எங்கள் வீடு சூலூரைத் தாண்டி. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம். அதில் என் மனைவி சாந்தாமணி பதினாலு நாட்டுக்கோழி வளர்க்கிறாள். வளர்ப்பது அவள். ஆலோசனை சொல்வது நான். இந்த வேலைப் பிரிவினை எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் உண்டு.

ஞாயிறு காலை பேப்பரை விரித்திருக்கிறேன். பின்பக்கத்திலிருந்து அவள் குரல்.

"ஏனுங்... சித்தெ இங்க வாங்க."

இருபத்தாறு வருஷக் குடும்ப அனுபவத்தில் சொல்கிறேன் — அவள் சத்தமாகக் கூப்பிட்டால் பயமில்லை. கேஸ் தீர்ந்திருக்கும், அவ்வளவுதான். மெதுவாகக் கூப்பிட்டால்தான் விஷயம்.

போய்ப் பார்த்தேன். வலைக்குள் செவலைப் பெட்டை ஒன்று காலை நீட்டிப் படுத்திருந்தது. காயம் இல்லை. ரத்தம் இல்லை. இறகு ஒன்றுகூடக் கலையவில்லை.

"வயசாகியிருக்கும்" என்றேன்.

"போன வருசம் பொரிச்சதுங்க இது."

"மாரடைப்பா இருக்கும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மண்வெட்டியை எடுத்து வந்தேன்.

திங்கட்கிழமை இரண்டு. செவ்வாய் விடிகாலை இன்னும் இரண்டு. மூன்று நாளில் ஐந்து! முந்தின நாள் சாயங்காலம் கொக்கரித்துக்கொண்டிருந்த கோழி, காலையில் கட்டை மாதிரிக் கிடக்கிறது. சாந்தாமணி ஒவ்வொன்றையும் தூக்கும்போது இறக்கையை ஒழுங்காக மடித்துவிட்டுத் தூக்கினாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

எனக்குத் துக்கம் வந்தால் அது துக்கமாக வராது. துப்பறியும் ஆர்வமாக வரும்.

முதலில் பாம்பு. டார்ச்சோடு வலையைச் சுற்றிக் குப்புறப் படுத்துத் தேடியதில் ஒரு பொந்து கிடைத்தது. குச்சியை விட்டு ஆட்டினேன். போன வருஷம் நானே தொலைத்த கார்டன் ஹோஸ் வந்தது.

அடுத்து விஷம். மேற்குப் பக்கத்து வீட்டில் பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர் ஒருவர் இருக்கிறார். எங்கள் சேவல் கூவுவது பற்றி ஒருமுறை "கொஞ்சம் சீக்கிரமே எந்திரிச்சிருதுங்களே" என்று சொன்னவர். எங்கள் பக்கத்தில் அது கடுமையான கண்டனம். மதில் வழியாக அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து, "ஏனுங்க, சௌக்கியங்களா? கண்ணுல ஏதாச்சும் தூசு உழுந்துருச்சுங்களா?" என்றார். ஒரு கொலைகாரன் இவ்வளவு அக்கறையாகவா கேட்பான்? லிஸ்டிலிருந்து அவர் பெயரை அடித்துவிட்டேன்.

சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டேன். ஒருவர் திருஷ்டி என்றார். ஒருவர் மஞ்சள் தண்ணீர் என்றார். என் மச்சினன் கட்டை விரலைத் தூக்கினான் — செத்த கோழிக்கு! இன்னொருவர் "கறி எப்பங்க?" என்று கேட்டிருந்தார்.

கடைசியில் போனிலேயே தேடினேன். தேடியிருக்கக் கூடாது. மூன்றாவது வரியிலேயே பறவைக் காய்ச்சல் என்று வந்தது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத்தான்.

பத்து நிமிஷத்தில் ரெயின்கோட், மாஸ்க், பாத்திரம் தேய்க்கிற கையுறை, பைக் ஓட்டும் கண்ணாடி சகிதமாகப் பின்வாசலில் நின்றேன். சாந்தாமணி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொரோனாவுக்கு மாஸ்க்கை மோவாய்ல மாட்டீட்டுத் திரிஞ்சீங்க."

"அது மனுசக் கிருமி. பழகினது."

என் பராமரிப்பில் குறை இருக்கவே முடியாது என்பதுதான் என் வாதம். அந்தச் சனிக்கிழமைகூடப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தேன். பல்லடத்தில் பிராய்லர் பண்ணை வைத்திருக்கும் நண்பர் சிவசாமியைப் பார்க்கப் போனபோது, அங்கே கோழிகள் குழாயில் தண்ணீர் குடிக்கிற அழகில் மயங்கிவிட்டேன். நீளமான பைப், அடியில் வரிசையாகச் சிவப்பு நிப்பிள், கோழி அலகால் முட்டினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நண்பர் மிச்சமிருந்த பைப் ஒன்றைக் கொடுத்தார். கொண்டுவந்து மாட்டி, விரலால் அழுத்திப் பார்த்து, தண்ணீர் வந்ததும் கைதட்டிக்கொண்டு, பாசி பிடித்துக் கிடந்த மண்சட்டிகளையெல்லாம் அன்றே தூக்கிப் போட்டேன். அப்படிப்பட்ட என் கோழிக்கா சீக்கு?

அப்போதுதான் சாந்தாமணி படியில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க... கவிதாவுக்கு நேத்தும் முட்டை குடுத்துட்டனே."

கவிதா, கிழக்குப் பக்கத்து வீட்டு ருக்மணியின் மகள். பிரசவத்துக்கு வந்தவள். பெண் குழந்தை பிறந்து இருபத்தைந்து நாள்தான் ஆகிறது. பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். ஆஸ்பத்திரியில் தினமும் இரண்டு முட்டை சாப்பிடச் சொன்னார்களாம். அன்றிலிருந்து சாந்தாமணி ஒரு போசியில் — பாத்திரத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர் — முட்டை வைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

தாய்க்கு ஆகும் எதுவும் பாலில் இறங்குமே! ரெயின்கோட்டுக்குள் எனக்கு வியர்த்துவிட்டது. இதுவரை விளையாட்டு. இது விளையாட்டில்லை.

"போய்ச் சொல்லீட்டு வாங்க. இப்பவே. இன்னிக்கு முட்டையைத் தொடக் கூடாதுன்னு."

போனேன். கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் போனேன்.

"வாங்கண்ணா! அதென்னங்க வாசல்லயே நின்னுட்டு?"

"இல்லீங் அம்மணி, ஒரு சேதி. சொல்லீட்டு ஓடிப் போலாம்னு..."

"சேதி எங்கீங்க போகுது? மொதல்ல உக்காருங்க."

உட்கார்ந்தேன். அங்கேதான் தோற்றேன்.

கெட்ட சேதியை வாசலில் நின்று பட்டென்று சொல்லிவிட எங்கள் ஊர்க்காரர்களால் முடியாது. அது மரியாதையில்லை. சூலூரிலிருந்து கோயமுத்தூர் போகத் தாராபுரம் வழியாகப் போவதுபோல, சுற்றிக்கொண்டுதான் போவோம். முதலில் சௌக்கியம் கேட்டேன். பிறகு வெயில். பிறகு கரண்ட் கட். மெதுவாக வண்டியைத் திருப்பினேன்.

"கவிதா இப்ப எப்படீங் இருக்கறா?"

"நல்லாத் தேறீட்டாளுங்கண்ணா! நேத்து ஆஸ்பத்திரில ரத்தம் பாத்தாங்க. ஏறியிருக்குதாமா. எல்லாம் அண்ணி குடுத்த முட்டைதானுங்க. எந்தச் சென்மத்துக் கடனோ... நாங்க என்னத்தைத் திருப்பிச் செய்யப் போறம்?"

அவள் கண் கலங்கியிருந்தது. இப்போது நான் எப்படிச் சொல்வது? ‘அந்த முட்டையில்தான் சந்தேகம்’ என்றா? வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு தட்டு முன்னால் வந்தது. டபுள் ஆம்லெட். மிளகு தூவி.

"உங்க ஊட்டு முட்டைதானுங்கண்ணா. சாப்புடுங்க."

ஒரு கணம் யோசித்தேன். நான் சாப்பிடாவிட்டால் இதை யார் சாப்பிடுவார்கள்? சாப்பிட்டேன்.

உள்ளேயிருந்து கவிதா குழந்தையோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கும் ஒரு தட்டு வந்தது. இரண்டு ஆஃப் பாயில். மஞ்சள் கரு நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் ஸ்பூனை எடுத்தாள்.

அம்பது வயசு மனிதன் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். கையை நீட்டித் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"ஆஃப் பாயில்னா... எனக்கு உசுருங்க."

ருக்மணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். குழந்தைகூட என்னைப் பார்த்தது.

"எடுத்துக்கங்க மாமா" என்றாள் கவிதா.

நாலு முடிந்தது. இன்னும் இருக்குமோ என்று அடுத்த பயம். மரியாதையின் கடைசிப் படியிலிருந்தும் இறங்கினேன்.

"அம்மணி... இன்னும் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ரெண்டு இருக்குதுங்கண்ணா. பொடிமாஸ் போட்டுருட்டுங்களா?"

"போட்டுருங்க."

வாணலியைக் கிளறிக்கொண்டே ருக்மணி ரொம்ப மென்மையான குரலில் கேட்டாள்: "அண்ணி... ஊருக்குப் போயிருக்கறாங்களாண்ணா?"

ஆறும் உள்ளே போயின. அந்த வீட்டில் இனி ஒரு முட்டை இல்லை. என் கடமை முடிந்தது. எழுந்தேன். கிளம்பும்போது அவள் எங்கள் போசியைத் திருப்பிக் கொடுத்தாள். வெறுமனே அல்ல.

எங்கள் பக்கத்தில், வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்புகிற வழக்கம் இல்லை. முதல் சில நாள் முருங்கைக்காய் வந்தது, கறிவேப்பிலை வந்தது. மரத்தில் காய் தீர்ந்தபின் ருக்மணி ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் வேலை பார்ப்பது ஒரு மிக்சர் கம்பெனியில், பேக்கிங்கில். சலிக்கும்போது அடியில் விழும் தூளை அள்ளிக்கொண்டு வந்து, "கோழிக்குப் போடுங்க" என்று கொடுத்துவிடுவாள். இந்த மாதம் முகூர்த்த சீசன். கம்பெனியில் ஆர்டர் ஜாஸ்தி. போசி வழிய வழிய வந்தது.

வீட்டுக்கு வந்தேன்.

"சொல்லீட்டீங்களா?"

"முட்டை ஒண்ணும் இல்ல இப்ப அங்க."

"எங்க போச்சு?"

வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?" என்றாள். அன்று முழுக்க அரை மணிக்கு ஒருமுறை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். நடுவில் கோழிகளுக்கும் எப்போதும்போல அந்தத் தூளை அள்ளிப் போட்டாள்.

புதன் காலை நான் பிழைத்திருந்தேன். இன்னொரு கோழி பிழைக்கவில்லை. ஆறு.

இனி என் துப்பறிவாளர் வேலை வேண்டாம் என்று சாந்தாமணி முடிவு செய்தாள். பிறந்தநாள் கேக் வந்த தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டி போட்டு, கோழியைக் கவரில் சுற்றி வைத்துக் கொடுத்தாள். மேலே இன்னமும் ‘ஹேப்பி பர்த்டே’ என்று ஒட்டியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருந்தகத்தில் நின்றேன்.

நல்ல கூட்டம். ஆடுகள், கன்றுக்குட்டி, எனக்கு முன்னால் ஒரு காங்கேயம் காளை. அதன் கயிற்றைப் பிடித்திருந்தவர் என் பெட்டியைப் பார்த்து, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்திலிருந்து வருகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"என்னங்க, ஒறம்பரைக்குப் போயிட்டு வாரீங்களா?"

"இல்லீங்க. கோழி. ஆறு போயிருச்சு. சீக்கு என்னன்னே தெரியல."

"அடடா... ஊட்டம்மா வளத்ததுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப முன்னால போங்க. இவன் நிப்பான்."

காளை அதற்குச் சம்மதித்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் அந்த மனிதர் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து வழிவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை நான். எங்கிருந்தாலும் அவர் காளை நன்றாக இருக்கட்டும்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். கையுறை மாட்டி, கோழியை மேஜையில் கிடத்தி, பத்து நிமிஷம் அறுத்துப் பார்த்தார். நான் சுவரில் இருந்த மாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் திறந்தவர், இடுக்கியால் எதையோ எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

பொட்டுக்கடலை. ஆரஞ்சு நிறத்தில். கூடவே அரைக் கறிவேப்பிலை.

"ஏனுங்க சார், உங்க கோழி சாயங்காலம் டீக்கு மிக்சர் சாப்புடுமா?"

போசி விஷயத்தைச் சொன்னேன். சல்லடையில் அடியில் விழும் தூள் என்றதும் அவர் நிமிர்ந்தார்.

"உப்பும் காரப்பொடியும் அடியிலதானுங்க சார் தங்கும். கோழிக்கு உப்பு ஜாஸ்தியானா உடம்பு பூராத் தண்ணி கேக்கும். சரி, தண்ணி என்ன வெக்கறீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தேன்! போனை எடுத்து, சிவப்பு நிப்பிள்கள் மின்னும் என் சனிக்கிழமைச் சாதனையைப் பெருமையோடு காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல கோழி குடிச்சதைப் பாத்தீங்களா?"

"நான் விரலால அழுத்திப் பாத்தனுங்க. நல்லா வந்துச்சு."

"உங்களுக்குத் தாகம் இல்லீங்களே சார்."

எனக்கு இன்னும் புரியவில்லை. அவரே பொறுமையாகச் சொன்னார். பண்ணைக் கோழி குஞ்சிலிருந்தே அந்த நிப்பிளை முட்டிப் பழகியது. நாட்டுக்கோழிக்குத் தண்ணீர் என்றால் சட்டியில் பளபளவென்று கிடக்க வேண்டும். சட்டியைத் தூக்கிவிட்டால், தலைக்கு மேல் பைப் நிறையத் தண்ணீர் இருந்தாலும் அது தண்ணீர் என்று அதற்குத் தெரியாது.

"தூளு மட்டும்னா, வேணுங்கறப்பத் தண்ணி குடிச்சுத் தாங்கியிருக்கும். தண்ணி மட்டும் இல்லைன்னாலும், நீங்க கவனிக்கற வரைக்கும் சமாளிச்சிருக்கும். ரெண்டும் சேந்துபோச்சுங்க சார். இந்த வெயில்ல."

"அப்ப மத்த எட்டு மட்டும் எப்படீங்க?"

"அது வலை தாண்டிப் போகுமா?"

போகும்! தினமும் என் வாயில் திட்டு வாங்குகிற எட்டும் அவைதான். வலையைத் தாண்டிப் பறந்து, துணி துவைக்கிற கல்லடியில் தேங்கிய தண்ணீரைக் குடித்துவிட்டு வரும் அடங்காப்பிடாரிகள். சொன்ன பேச்சைக் கேட்டு வலைக்குள் இருந்த ஆறும்தான் போய்ச் சேர்ந்தன. இதில் ஏதோ ஒரு நீதி இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பத்தியை மட்டும் தாண்டிப் படித்துவிடுங்கள்.

"காய்ச்சல் மாதிரித் தெரியலீங்க. இருந்தாலும் சாம்பிள் அனுப்பி வெக்கறேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் முட்டையை யாருக்கும் குடுக்காதீங்க. யாராச்சும் சாப்புட்டாங்களா?"

"நான் ஒரு... ஆறு."

"வாரத்துக்குங்களா?"

"இல்லீங்க. உக்காந்த எடத்துல."

அவர் என்னை முதல் தடவையாக ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "காய்ச்சல், வயித்தால ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்லீங்க."

"அப்ப அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லீங்க சார்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குப்பையிலிருந்து மண்சட்டிகளைப் பொறுக்கிக் கழுவித் தண்ணீர் ஊற்றினேன். எட்டும் ஓடி வந்தன. ஒரு மிடறு குடிக்கும், தலையை வானத்துக்குத் தூக்கும், மறுபடி குனியும். பார்க்க யாருக்கோ நன்றி சொல்கிற மாதிரி இருந்தது. அது நிச்சயமாக எனக்கில்லை. பைப்பை நானே கழற்றினேன். சாந்தாமணி அதை வாங்கிச் சுவரோரம் சாத்தி வைத்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா போன் செய்தார். "சீக்கு எதுவும் இல்லீங்க சார். முட்டை குடுக்கலாம்." போனை வைத்த பிறகும் அதைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். கவிதாவுக்கு ஒன்றுமில்லை. குழந்தைக்கு ஒன்றுமில்லை. போகிற போக்கில் எனக்கும் ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு வேலை பாக்கி இருந்தது. ருக்மணியிடம் சொல்ல வேண்டும்.

"சொல்லாதீங்க" என்றாள் சாந்தாமணி. "பாவம், நின்னு நின்னு கால் வீங்கி வர்றவ, அந்தத் தூளுப் பையையும் சொமந்துட்டு வர்றது நம்ம கோழிக்குன்னுதான். அதுதான் கொன்னுதுன்னு தெரிஞ்சா நெஞ்சு ஒடஞ்சு போயிருவா. இனி ஒரு முட்டை நம்மகிட்ட வாங்க மாட்டா."

"சொல்லாம உட்டா தூளு வந்துட்டே இருக்குமே?"

"வாங்கிக் குழி தோண்டிப் பொதச்சர்லாம்."

"அவ தங்கச்சி ஊட்லயும் கோழி இருக்குதில்ல? அங்கயும் குடுத்தான்னா?"

சாந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க. நானும் வாரேன்."

இந்த முறை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். உட்கார்ந்தால் சௌக்கியம் விசாரித்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

"அம்மணி, என்ற கோழி ஆறை நானே கொன்னுபோட்டனுங்க."

நிப்பிளைச் சொன்னேன். மண்சட்டியைத் தூக்கிப் போட்டதைச் சொன்னேன். பிறகுதான் உப்பைச் சொன்னேன். ருக்மணி குழந்தைத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு பாதியில் நின்றது.

"அந்தத் தூள்ளயாங்கண்ணா?"

"தண்ணி இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்க."

"எனக்காகச் சொல்றீங்க."

"சத்தியமா இல்லீங் அம்மணி. டாக்டரம்மா சொன்னது. நாலு நாளு தண்ணி குடுக்காதது நான்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சாந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் தப்பிருக்குது, ருக்மணி. போசி நெறைய வந்தப்பவே இத்தனை வேண்டாம்னு தோணுச்சு. சொல்ல வாய் வரல."

இரண்டு பேரும் அழுதார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு தூண் மாதிரி நின்றேன். பிறகு ருக்மணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அப்ப அன்னிக்கு ஆறு முட்டையைத் தின்னீங்களேண்ணா... அதெதுக்குங்க?"

சொன்னேன். பறவைக் காய்ச்சல் என்று பயந்ததையும், சொல்ல வந்ததையும், ஆம்லெட் முன்னால் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டதையும்.

"என்ற புள்ளைக்கு வர்றது உங்களுக்கு வரட்டும்னா தின்னீங்க?"

ஆமாம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஒரு ஆணுக்கு வாழ்க்கையில் இப்படியொரு வாய்ப்பு எத்தனை முறை வரும்? ஆனால் பக்கத்தில் சாந்தாமணி இருந்தாள்.

"தைரியத்துல இல்லீங் அம்மணி. ‘சாப்புடாதீங்க’ன்னு சொல்லக் கூச்சம். அதை விடத் தின்னர்றது சுளுவா இருந்துச்சு."

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். கவிதா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்தாள்.

"மாமா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? எனக்கு முட்டை வாசமே ஆகாதுங்க. இத்தனை நாளா மூக்கைப் புடிச்சுட்டு முழுங்கீட்டு இருக்கறேன். அன்னிக்கு நீங்க தட்டை இழுத்தப்ப உங்க காலைத் தொட்டுக் கும்புடோணும்போல இருந்துச்சு."

"ஏண்டி, அதை எங்கிட்டச் சொன்னா என்ன?" என்றாள் ருக்மணி.

"சொன்னா நீ அத்தைகிட்டச் சொல்லோணுமேம்மா. அத்தை மனசு நோகுமில்ல?"

யோசித்துப் பாருங்கள். தூள் இத்தனை வேண்டாம் என்று சாந்தாமணி சொல்லவில்லை. முட்டை வேண்டாம் என்று கவிதா சொல்லவில்லை. முட்டை சாப்பிடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பேச்சில் ‘ங்க’ போடாமல் ஒரு வாக்கியம் முடியாது. எங்களுக்கு அதில் பெருமை. எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த ஒரு ‘ங்க’வுக்குள் எத்தனை ‘வேண்டாம்’ மூச்சுமுட்டிக் கிடக்கிறது!

இருந்தாலும் இந்த வாரம் எனக்கு யார் மேலும் கோபமில்லை. யாரை நினைத்தாலும் நன்றியாகத்தான் வருகிறது. செத்த கோழியை மதித்து அறுத்துப் பார்த்த டாக்டரம்மா. வழிவிட்ட காளைக்காரர். என் பேச்சைக் கேட்காத எட்டுக் கோழிகள். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த ஒரு கை. பிடிக்காத முட்டையை எங்களுக்காக விழுங்கி, அப்படியும் ரத்தம் ஏறி, சுவரை விட்டுவிட்டு நடந்து வந்த அந்தப் பெண். வேறென்ன வேண்டும்?

இதையெல்லாம் எழுதட்டுமா என்று ருக்மணியிடம் கேட்டேன். எழுதச் சொன்னாள். பெயரை மாற்றிவிடட்டுமா என்றேன். "உங்க இஷ்டமுங்கண்ணா" என்றாள். அதற்குள் எந்த இஷ்டம் ஒளிந்திருக்கிறதோ தெரியவில்லை, எதற்கும் மாற்றிவிட்டேன்.

கிளம்பும்போது கவிதாவிடம் கேட்டேன். "சரி கண்ணு, உனக்கு என்னதான் புடிக்கும்? கூச்சப்படாமச் சொல்லு."

"மீனுங்க மாமா. அணை மீனு."

வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். ஆறடிக்கு எட்டடியில் ஒரு தொட்டி; அதற்கொரு ஏர் பம்ப்; முதலில் ஒரு நூறு குஞ்சு விட்டுப் பார்க்கலாம் என்று சாந்தாமணியிடம் திட்டத்தை விளக்கினேன்.

அவள் சுற்றி வளைக்கவில்லை.

"வேண்டாமுங்க."